குண்டைப் பிரிக்கிறவனுக்கு யார் சம்பளம் தருவார்?

தாத்தாவுக்கு வணக்கம்.

உங்களைத் தாத்தா என்றே கூப்பிடலாம் என்று அம்மா சொன்னார். அம்மா அம்பாசமுத்திரத்துக்காரர், கல்யாணமாகி டர்பன் வந்தவர். அப்பா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எனக்குத் தமிழ் அம்மாவிடமிருந்து வந்தது, அதனால் எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கள். நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஹிரோஷிமாவில் குழந்தையாக இருந்து உயிர் தப்பிய ஒரு பாட்டி இணையத்தில் பேசியதைக் கேட்டேன். தன் பள்ளித் தோழிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. மறுநாளே, ஆயுதக் குறைப்பு பற்றிப் பாடம் ஏதாவது இருக்கிறதா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டேன். "இங்கே இல்லை, அரசியல் துறையில் கேள்" என்றார்கள். அங்கே போனால், "ஒரு பாடத்தில் இரண்டு வாரம் வரும், அதை எடுக்க நீ முதல் ஆண்டிலேயே அரசியல் படித்திருக்க வேண்டும்" என்றார்கள். வேதியியலை விட்டுவிட்டு அங்கே மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மாமா சிரிக்கிறார். "குண்டு செய்யறவனுக்குச் சம்பளம் உண்டும்மா, குண்டைப் பிரிக்கிறவனுக்கு யார் சம்பளம் தருவா?" என்கிறார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இதை எங்காவது முறையாகப் படிக்க முடியுமா? இல்லை, இது நல்ல மனசுக்காரர்களின் ஆசை மட்டும்தானா?

த., டர்பன்

அன்புள்ள த.,

பிழை என்று பார்த்தால் இரண்டே இடம்தான், அதையும் திருத்திவிட்டேன். உன் தமிழைப் பற்றி இனிமேல் மன்னிப்புக் கேட்காதே.

நேராகப் பதிலுக்கு வருகிறேன். படிக்க முடியும். ஆனால் கதவில் அந்தப் பெயர் எழுதியிருக்காது. சட்டத்துறையில் ஒரு துண்டு, இயற்பியலில் ஒரு துண்டு, வரலாற்றில் ஒரு துண்டு, மருத்துவத்தில் ஒரு துண்டு என்று சிதறிக் கிடக்கிறது. ஒருவர் நடந்து நடந்து பொறுக்க வேண்டும். இது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். அப்புறம், வேதியியலை விட்டுவிடாதே. ஏன் என்று கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்.

நான் 1966 முதல் 1968 வரை படித்த கல்லூரி, டர்பன் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கும் சாலிஸ்பரி தீவில் இருந்தது. இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி வைப்பது என்று அன்றைய அரசாங்கம் முடிவு செய்து, கடற்படை விட்டுப்போன படைவீடுகளை 1961இல் எங்களுக்குக் கொடுத்தது. காலையில் படகில் போவோம். மழை நாளில் புத்தகங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நிற்போம். எங்கள் வரலாற்று வகுப்பு நடந்த அறையின் சுவரில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருந்தன. மாலுமிகள் சட்டை மாட்டிய கொக்கியா, துப்பாக்கி மாட்டிய கொக்கியா என்று இடைவேளையில் எங்களுக்குள் வாக்குவாதம் வரும். கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. மூன்று வருஷம் அந்தக் கொக்கிகளின் கீழே உட்கார்ந்து படித்தேன். போர்கள் எல்லாம் பாடத்தில் வந்தன, யார் தொடங்கினார், யார் ஜெயித்தார் என்று வருஷவாரியாக. போர் முடிந்த பிறகு அந்த ஆயுதங்கள் எங்கே போயின, யார் எண்ணினார், யார் உருக்கினார் என்று ஒரு நாள்கூட வரவில்லை. 1970களின் தொடக்கத்தில் கல்லூரி வெஸ்ட்வில் மேட்டுக்கு மாறியது. தீவு திரும்பவும் கடற்படைக்கே போய்விட்டது. இன்றைக்கும் அங்கே கடற்படைதான் இருக்கிறது.

பிறகு முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். நானும் அதே மாதிரிதான் சொல்லிக்கொடுத்தேன், 1993 மார்ச் 24 வரைக்கும்.

அன்றைக்கு ஜனாதிபதி டி கிளெர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து, தென்னாப்பிரிக்கா ரகசியமாக ஆறு அணுகுண்டுகள் செய்து வைத்திருந்தது, ஏழாவது பாதியில் நின்றது, எல்லாவற்றையும் பிரித்துவிட்டோம் என்று சொன்னார். தானே அணுகுண்டு செய்து, தானே அதைப் பிரித்துப் போட்ட நாடு உலகத்தில் இது ஒன்றுதான். நீ அப்போது பிறக்கவில்லை. நாங்கள் ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டோம். மறுநாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், பிரிச்சாங்கன்னா எப்படிப் பிரிப்பாங்க? எல்லாத்தையும் பிரிச்சாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில்தான் இந்த விஷயத்துக்குள் நான் வந்து சேர்ந்தேன்.

அந்தப் பையனின் கேள்விதான் இந்தப் படிப்பின் நடுமையம். அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

உன் பாட்டி நகை செய்யக் கொடுத்திருப்பார், அம்மாவிடம் கேட்டுப் பார். பத்துப் பவுன் தங்கம் கொடுத்தால் பத்துப் பவுன் நகை திரும்பி வராது. உரசியது, உருக்கியது, அரத்தில் தேய்ந்தது என்று ஆசாரி சேதாரம் கழிப்பார். நியாயமான சேதாரம் எவ்வளவு என்று தெரிந்த பாட்டியை ஆசாரி ஏமாற்ற முடியாது. தெரியாதவரை முடியும். யுரேனியக் கணக்கும் அதுவேதான். மண்ணில் கிடைக்கும் யுரேனியத்தில் குண்டுக்கு ஆகிற யுரேனியம் 235 நூற்றுக்கு 0.7 பங்குதான். அதை ஆலையில் ஏற்றி ஏற்றி 90 பங்கு அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவு உள்ளே போனது, இவ்வளவு செறிவேறி வந்தது, இவ்வளவு கழிவாக ஒதுங்கியது என்று கணக்குக் கூட்டினால் ஒரு சேதாரம் நிற்கும். அந்தச் சேதாரம் குழாய்களில் ஒட்டிக்கொண்டதா, இல்லை யாராவது எடுத்து ஒளித்துவைத்ததா? சர்வதேச அணுசக்தி முகமை 25 கிலோ யுரேனியம் 235ஐ ஒரு குண்டுக்குப் போதுமான அளவாகக் கணக்கு வைக்கிறது. அதனால் கணக்கில் சின்னப் பிழைகூடச் சின்னதில்லை.

தென்னாப்பிரிக்கா 1991 ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதற்கு முன்பே குண்டுகளின் யுரேனியத்தை உருக்கி நம் நாட்டு அணுசக்திக் கழகத்திடம் திருப்பித் தரும் வேலை தொடங்கிவிட்டது. வடிவமைப்பு வரைபடங்களையும் ஆவணங்களையும் அழித்தார்கள். சோதனை செய்ய ஆள் வரும் முன்பே வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்ட மாதிரி. பிறகு வந்த முகமையின் ஆய்வாளர்கள் பிரிட்டோரியா பக்கத்தில் ஆலையின் பழைய நாள்வாரிப் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஆலை என்ன செய்தது என்று திரும்பக் கட்டினார்கள். அந்த ஆலையில் வேலை செய்தவர்களை உட்கார வைத்துப் பேசினார்கள். கலஹாரி பாலைவனத்தில் வாஸ்ட்ராப் என்ற இடத்தில் குண்டுச் சோதனைக்கென்று தோண்டிய இரண்டு ஆழ்துளைகளும் 1993இல் அவர்கள் கண்முன் அடைக்கப்பட்டன. கடைசியில் கணக்கு நேராகிறது என்று சொன்னார்கள்.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்று யோசித்துப் பார். கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்குகிறவர்கள் இல்லை. வேதியியல் தெரிந்தவர்கள், உலோகம் தெரிந்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். ஒரு பதிவேட்டில் மை வேறு, பேனா வேறு என்று கண்டுபிடிக்கப் பொறுமை இருந்தவர்கள்.

பிரிட்டோரியா பக்கத்தில் இருக்கும் அந்த அணு ஆராய்ச்சி மையத்தின் பெயர் பெலிண்டாபா. ஜூலு தெரிந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை: பேச்சு முடிந்தது. பக்கத்திலேயே செறிவூட்டும் ஆலை இருந்த இடம் வலிண்டாபா: இதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெயர் வைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்தார்களோ என்னவோ, நம் பல்கலைக்கழகங்கள் அதை ஓர் உத்தரவாகவே எடுத்துக்கொண்டு விட்டன. அணு ஆயுதம் இல்லாத ஆப்பிரிக்காவுக்கான ஒப்பந்தத்துக்கு அந்த ஊரின் பெயர்தான், பெலிண்டாபா ஒப்பந்தம். 1996 ஏப்ரலில் கெய்ரோவில் கையெழுத்துக்கு வந்து, 2009 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதைக் கண்காணிக்கும் ஆப்பிரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைமையகம் பிரிட்டோரியாவில் இருக்கிறது. பிரிட்டோரியாவில் ஒரு கல்லூரி மாணவனை நிறுத்திக் கேட்டால் எத்தனை பேருக்கு அது தெரியும்? அந்தக் குண்டுகளைக் கையால் பிரித்தவர்கள் இன்றைக்கு முதியவர்கள். காகிதமும் அழிந்து, ஆளும் போய்விட்டால் அந்தத் தொழிலறிவு மண்ணோடு போய்விடும். இதை நினைக்கும்போது எனக்கு நிஜமாகவே பயம் வருகிறது.

சரி, உன் வேதியியலுக்கு வருகிறேன்.

1981இல் இந்த நாட்டு ராணுவம் ப்ராஜெக்ட் கோஸ்ட் என்று ஒன்றைத் தொடங்கியது. ரசாயன, கிருமி ஆயுதங்கள். வெளியே பார்த்தால் தனியார் கம்பெனிகள். பிரிட்டோரியாவுக்கு வடக்கே ரூடெப்ளாட்டில் ஒரு ஆய்வுக்கூடம், மிட்ராண்டில் ஒரு ரசாயனக் கம்பெனி. 1998இல், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் கேப் டவுனில் விசாரித்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விஷம் ஏற்றிய சாக்லேட், ஆந்த்ராக்ஸ் கிருமி தடவிய சிகரெட். நம் சாட்ஸ்வொர்த் தெருக்களைப் பாழாக்கிய மான்ட்ராக்ஸ் போதை மாத்திரையில் இருக்கும் மருந்து, மெத்தகுவலோன், அதையும் அங்கே தயாரித்தார்கள். கூட்டத்தைக் கலைக்க என்று காரணம் சொன்னார்கள்.

இதைச் செய்தவர்கள் ராட்சசர்கள் என்று நினைத்துவிடாதே. கால்நடை மருத்துவர்கள், வேதியியல் பட்டதாரிகள், உன்னை மாதிரி வெள்ளைக் கோட்டுப் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள். நல்ல கருவி தருகிறோம், நல்ல சம்பளம் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள், போனார்கள். "இந்தக் கேள்வியைக் கேள், இந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்" என்று அவர்களுக்கு யாரும் வகுப்பில் சொல்லவில்லை. ஆணைய விசாரணையை ரேடியோவில் கேட்டபோது எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் அந்த மனிதர்கள் மேல் வந்ததைவிட அவர்களுக்குப் பாடம் சொன்ன எங்கள் மாதிரி வாத்தியார்கள் மேல்தான் அதிகம் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன். ஆயுதக் குறைப்பை அரசியல் துறையில் மட்டும் வைத்துவிட்டால், ஆயுதம் செய்யத் தெரிந்தவனுக்கு அந்தப் பாடம் போய்ச் சேராது. அது போய்ச் சேர வேண்டிய இடம் உன் ஆய்வுக்கூட மேசை. அரசியல் மாணவன் ஒப்பந்தத்தைப் படிப்பான், அது வேண்டியதுதான். ஆனால் ஆலையில் இருக்கும் ஒரு தொட்டியைப் பார்த்து, "இது பூச்சிமருந்துக்கான தொட்டி இல்லை, இந்த உலோகப் பூச்சு இதற்கு எதற்கு?" என்று கேட்க வேதியியல் படித்தவளால்தான் முடியும். ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் ஆய்வாளர்கள் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள். 2013இல் அவர்களுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2015இல் அந்த அமைப்பு, வேதியியல் செய்கிறவர்கள் பின்பற்ற வேண்டிய ஒழுக்க நெறிகளை ஹேக் நகரில் வெளியிட்டது. உன் பாடத்திட்டத்தில் அது இருக்கிறதா என்று பார். இல்லை என்றால் உன் பேராசிரியரிடம் போய், ஒரே ஒரு வகுப்பு, ஒரு மணி நேரம், இதற்கு ஒதுக்குங்கள் என்று கேள். புதுத் துறை தொடங்கச் சொன்னால் பணம் இல்லை என்பார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பணம் வேண்டாம்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. இலங்கைக்காரரான ஜயந்த தனபால ஐ.நா.வில் ஆயுதக் குறைப்புக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், இந்தக் கல்வியை எப்படிப் பரப்புவது என்று ஒரு நிபுணர் குழு ஆராய்ந்தது. 2002இல் 34 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது, பொதுச்சபையும் ஏற்றுக்கொண்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உனக்கு அலுவலக ஜன்னலில் கிடைத்த பதில் உனக்கே தெரியும்.

அடுத்து உன் மாமாவின் கேள்வி. அவர் மேல் கோபப்படாதே, வயிற்றைப் பற்றிக் கேட்பது பெரியவர்களின் கடமை. அவரிடம் இப்படிச் சொல். குண்டைப் பிரிக்கிறவருக்கும் சம்பளம் உண்டு. வியன்னாவில் அணுசக்தி முகமை தருகிறது, அணுச் சோதனைத் தடை அமைப்பு தருகிறது. ஹேக்கில் ரசாயன ஆயுதத் தடை அமைப்பு தருகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் ஃப்ரீ ஸ்டேட்டில் போஷோஃப் என்ற சின்ன ஊரில் நிலநடுக்கக் கண்காணிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. பூமிக்கு அடியில் யாராவது அணுகுண்டு வெடித்தால் கண்டுபிடிக்கும் உலகச் சங்கிலியில் அது ஒரு கண்ணி. நம் அரசாங்கத்திலேயே 1993ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி பேரழிவு ஆயுதப் பரவலைத் தடுக்க ஒரு மன்றம் இருக்கிறது. எந்த ரசாயனம், எந்த இயந்திரம் நாட்டைவிட்டு வெளியே போகலாம் என்று பார்க்கிறவர்களுக்கு வேதியியல் தெரிந்த ஆள் எப்போதும் வேண்டும். அந்த மாதிரி இடங்கள் நூற்றுக்கணக்கில் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ ஒரே ஆள்தானே.

இன்னொரு கதையையும் மாமாவிடம் சொல். அவர் அப்போது ஜோகன்னஸ்பர்க்கில் இருந்திருந்தால் பேப்பரில் படித்திருப்பார். நான் கண்ணால் பார்த்தேன்.

2008 ஏப்ரல். ஜிம்பாப்வேயில் தேர்தல் முடிந்து, முடிவை அறிவிக்காமல் இழுத்துக்கொண்டிருந்த நேரம். ஆன் யூ ஜியாங் என்ற சீனக் கப்பல் டர்பனுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அதில் ஜிம்பாப்வே ராணுவத்துக்குப் போகிற சரக்கு 77 டன். 30 லட்சம் தோட்டாக்கள், 1,500 ராக்கெட் எறிகுண்டுகள், 3,000க்கு மேல் மோட்டார் குண்டுகள் என்று செய்தி வந்தது. அவற்றை டர்பனில் இறக்கி, இந்த நாட்டுச் சாலை வழியாகக் கொண்டுபோக நம் அரசின் அனுமதியும் கிடைத்திருந்தது.

என் பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்த வாரம் ஒரு மாலை அவரோடு பிளஃப் மேட்டுக்குப் போனேன். கடலில் ஏழெட்டுக் கப்பல்கள் வரிசையில் நின்றன. எது அந்தக் கப்பல் என்று எனக்குத் தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. அவர் கையை நீட்டிக் காட்டினார். "அந்தப் பெட்டியை என் கிரேன் தொடாது" என்றார், அவ்வளவுதான். வேறொன்றும் பேசவில்லை. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் முழுவதும் அதையேதான் சொன்னது, நாங்கள் இறக்க மாட்டோம் என்று.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். இதற்கடுத்து நடந்ததைத்தான் மறந்துவிடுகிறார்கள். தொழிலாளர்கள் மறுத்தால் வேறு ஆட்களை வைத்து இறக்கியிருக்கலாம். நம்மவரான பிஷப் ரூபின் பிலிப்பும் டர்பனின் சமயத் தலைவர்களில் இன்னொருவரும் வழக்கறிஞர்களின் உதவியோடு நீதிமன்றம் போனார்கள். ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை, சரக்கு இந்த மண்ணைக் கடக்கக் கூடாது என்று டர்பன் உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் கப்பல் நங்கூரம் எடுத்துவிட்டது.

நீதிமன்றம் எதை வைத்து உத்தரவு போட்டது? 2002ஆம் வருஷத்துத் தேசிய மரபு ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம். மரபு ஆயுதம் என்றால் அணு, ரசாயனம், கிருமி இல்லாத துப்பாக்கி, தோட்டா மாதிரி ஆயுதங்கள். ஆயுதம் யாருக்குப் போகிறது, அங்கே மனித உரிமை எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அனுமதி தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? 1994இல், அரசின் ஆயுத விற்பனை எங்கெங்கோ போய்ச் சேர்ந்த விவகாரத்தை விசாரிக்க நீதிபதி எட்வின் கேமரன் தலைமையில் ஆணையம் வைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக, பல வருஷம் பலர் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகச் செதுக்கிய சட்டம் அது. அந்த வரியை எழுதியவருக்கு 2008இல் ஒரு கப்பல் வரும் என்று தெரியாது. கிரேன் ஓட்டியவருக்கு அப்படி ஒரு வரி இருப்பது தெரியாது. இரண்டும் ஒரே வாரத்தில் சந்தித்தன.

என் பக்கத்து வீட்டுக்காரர் செய்ததைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தர முடியாது. அந்த வரியை எழுதுவதைச் சொல்லித்தர முடியும். நம் சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கு எத்தனை வகுப்பில் வருகிறது?

அதே ஊர், 2021 ஜூலை. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கலவரத்தின்போது டர்பனில் ஒரு கண்டெய்னர் கிடங்கிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளை போயின. எங்கள் மெரிபேங்க் தெருமுனையில், நான் பாடம் சொல்லிக்கொடுத்த பையன்கள் கைத்துப்பாக்கியோடு டயர்களை எரித்துக் காவல் நின்றார்கள். இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் கறுப்பினச் சகோதரர்கள். காந்தியின் ஆசிரமம் இருந்த ஊர்ப் பக்கம். பயத்தில் நின்றவர்களையும் நான் பார்த்தேன், பயம் இல்லாமல் சுட்டவர்களைப் பற்றியும் கேட்டேன். ஆயுதக் குறைப்பு என்றால் அணுகுண்டு மட்டும் என்று நினைத்துவிடாதே. தோட்டாக்களை எந்தக் கிடங்கில், எத்தனை பூட்டுப் போட்டு, எந்தக் கணக்கில் வைப்பது என்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது. அந்த வாரம் அது தெரிந்தவர்கள் அந்தக் கிடங்கில் இருந்திருந்தால் எத்தனை தோட்டா தெருவுக்கு வராமல் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இனி எங்கே படிப்பது.

அமெரிக்காவில் மான்டரே நகரில் ஒரு கல்வி நிலையம் பல வருஷமாக அணுப் பரவல் தடையில் முதுகலைப் பட்டமே கொடுத்து வந்தது. எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போடாதே. 2025 ஆகஸ்டில், அங்கே முதுகலைப் படிப்புகளை 2027 நடுவில் முடித்துக்கொள்ளப் போவதாக அதை நடத்தும் மிடில்பரி கல்லூரி அறிவித்துவிட்டது. செய்தியைப் படித்தபோது, சொந்த ஊரில் நூலகம் மூடின மாதிரி இருந்தது எனக்கு. உலகத்தில் ஆயுதச் செலவு கூடிக்கொண்டே போகிற காலத்தில், அதைக் குறைக்கக் கற்றுத்தரும் இடத்துக்குக் காசு இல்லாமல் போவது எப்படி?

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1973 முதல் அமைதியியல் சொல்லித்தருகிறது. கிருமி ஆயுதம் பற்றி உயிரியல் விஞ்ஞானிகளுக்கே பாடம் வைக்க வேண்டும் என்று விடாமல் சொன்னவர்கள் அவர்கள். கோஸ்டா ரிக்காவில் ஐ.நா.வின் ஆணையில் உருவான அமைதிப் பல்கலைக்கழகம் உண்டு. அம்மாவின் பக்கம் போக வேண்டும் என்றால், டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆயுதக் குறைப்பைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட மையம் ஒன்று இருக்கிறது.

உள்ளூரில் பார். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அகிம்சைக்கான மையம் இருக்கிறது, உன் வீட்டிலிருந்து ஒரு டாக்ஸி தூரம். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ், மனிதன் கை வைக்காமல் தானே முடிவெடுத்துக் கொல்லும் இயந்திரங்களைப் பற்றி 2013இலேயே ஐ.நா. மனித உரிமை மன்றத்துக்கு அறிக்கை கொடுத்தவர். 2021இல் காலமாகிவிட்டார். தானியங்கி ஆயுதம் பற்றி இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற பேச்சில் அவர் கை இருக்கிறது. ப்ராஜெக்ட் கோஸ்ட் பற்றித் தோண்டியெடுத்து எழுதியவர்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான். ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உனக்கு நான் சொல்வது இதுதான். வேதியியலை நன்றாக முடி. முடிந்தால் கதிரியக்க வேதியியல் பக்கம் சாய். அணுசக்தி முகமை 2020இல் மேரி கியூரியின் பெயரில் பெண்களுக்கென்றே ஒரு முதுகலை உதவித்தொகை தொடங்கியது. அணு அறிவியலோடு பரவல் தடையும் அதில் அடக்கம். ஹேக்கிலிருக்கும் அமைப்பு, நம் மாதிரி நாடுகளின் இளம் வேதியியலாளர்களையும் பொறியாளர்களையும் வருஷா வருஷம் கூப்பிட்டுப் பயிற்சி தருகிறது. ஐ.நா.வின் ஆயுதக் குறைப்பு அலுவலகம் இணையத்தில் இலவசமாகப் பாடம் வைத்திருக்கிறது. அதை இந்த வாரமே தொடங்கலாம், அரசியல் முதல் ஆண்டு படித்திருக்கிறாயா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

அரசியல் துறையின் அந்த இரண்டு வாரத்தையும் விடாதே. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கலாமா என்று ஆசிரியரிடம் நேரில் போய்க் கேள். அலுவலக ஜன்னலில் முடியாது என்று சொன்னதை வகுப்பு வாசலில் பல ஆசிரியர்கள் சரி என்பார்கள், முப்பது வருஷம் வாசலில் நின்றவன் சொல்கிறேன்.

2008ஆம் வருஷத்துப் பேப்பர் கத்தரிப்புகள், உயர்நீதிமன்ற உத்தரவின் நகல், ஆணைய விசாரணையைக் கேட்டு நான் எழுதிவைத்த நோட்டுகள் எல்லாம் ஒரு பழைய ஷூ பெட்டியில் இருக்கின்றன. என் கண் இப்போது சரியாகத் தெரிவதில்லை, படித்துச் சொல்ல ஆள் வேண்டும். பரீட்சை முடிந்ததும் அம்மாவோடு ஒரு சனிக்கிழமை வா. மாமாவும் டர்பன் வந்திருந்தால் கூட்டி வா. பக்கத்து வீட்டுக்காரர் இப்போதும் இருக்கிறார், சாயங்காலம் நாலு மணிக்குத் தேநீருக்கு வருவார்.

அன்புடன்,
தாத்தா